அப்பளக் கடைக்கு எதிரே, ஐந்தரை மணிக்கு

மணி நாலு எட்டு. டையைப் பூசி முடித்துவிட்டேன். பாக்கெட்டின் பின்னால் முப்பது நிமிடம் என்று போட்டிருக்கிறது, ஆனால் என் காதோரத்து நரைக்கு முப்பது போதாது, நாற்பது விட்டால்தான் பிடிக்கும், ஆக நாலு நாற்பத்தெட்டுக்குத் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஐந்து மணிக்கு மோனிஷா டியூஷன் முடிந்து வந்துவிடுவாள். நடுவில் பன்னிரண்டு நிமிடம். அதற்குள் தலையை அலசி, துவட்டி, கிண்ணத்தையும் பிரஷ்ஷையும் கழுவி, காலி பாக்கெட்டைக் குப்பையில் மேலாகப் போடாமல் காய்கறித் தோலுக்கு அடியில் செருகி, ஜன்னலைத் திறந்து வாடையை விரட்டியாக வேண்டும். என் பெண்ணுக்குப் பதினாலு வயது, மூக்கு மட்டும் நாற்பது வயது. அவள் அப்பா போய் ஆறு வருஷத்தில் ஒருநாளும் டை போடாத அம்மா இன்றைக்கு ஏன் போட்டாள் என்று கேட்பாள். நாளைக்குப் பொருட்காட்சிக்குப் போகிறோமே என்றால், பொருட்காட்சிக்கு எதுக்கும்மா டை என்பாள். நியாயமான கேள்விதான். தீவுத்திடலுக்கு ஞாயிற்றுக்கிழமை வருகிற அத்தனை ஜனத்தில் என் தலையை யார் பார்க்கப் போகிறார்கள்? ஒருவர் பார்க்கப் போகிறார், இரண்டு பேர் கூட வருகிறார்கள், அதை அவளிடம் சொல்லவில்லை. சாய முடியாது, படுக்க முடியாது, பிளாஸ்டிக் ஸ்டூலில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறேன். வலது காதுக்குப் பின்னால் ஏதோ ஊர்கிறது. தொடக் கூடாது.

நாளைக்கு மூன்றரைக்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். பெரம்பூரில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் அங்கிருந்து ஷேர் ஆட்டோ, இல்லாவிட்டால் நடை, வெயில் தாழ்ந்திருந்தால் நடையே போதும். அண்ணன், அண்ணி, அவர்கள் பெண் வர்ஷா மூவரும் வில்லிவாக்கத்திலிருந்து நேரே வந்துவிடுவார்கள். நுழைந்ததும் முதலில் அரசுத் துறை அரங்குகள், அதில் ஒரு மணி நேரம் போய்விடும், அண்ணன் ஒவ்வொரு அரங்கிலும் நின்று பலகையில் எழுதியிருப்பதை எல்லாம் வாசிப்பார், அவரை இழுத்துக்கொண்டு வர அண்ணிதான் லாயக்கு. ஐந்தேகாலுக்கு ராட்டினங்கள் பக்கம் வர வேண்டும். ஐந்தரைக்குப் பெரிய ராட்டினத்துக்கு எதிரே இருக்கிற டெல்லி அப்பளக் கடை. அங்கே கஸ்தூரி நிற்பாள், அண்ணியோடு ஆபீஸில் வேலை பார்க்கிறவள், கடுகு நிறப் புடவை கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாள். கூட அவள் அம்மா. கூட அவள் தம்பி தயாளன். அண்ணி அவர்களைப் பார்த்து, "அடடே, கஸ்தூரி! நீங்களும் இங்கயா?" என்று கேட்க வேண்டும். கஸ்தூரி, "ஆமா, அம்மா ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்று சொல்ல வேண்டும். அண்ணி நேற்று போனில் இரண்டு தரம் அந்த அடடேயைச் சொல்லிக் காட்டினாள். முதல் தரம் நன்றாக இருந்தது. இரண்டாவது தரம் யாரோ கீழே விழுந்த மாதிரி இருந்தது. நாளைக்கு எந்த அடடே வருமோ தெரியாது. பிறகு எல்லோரும் சேர்ந்து அப்பளம் வாங்குவார்கள், பத்து நிமிடம் பேசுவார்கள், வர்ஷா மோனிஷாவை ராட்டினத்துக்கு அழைத்துக்கொண்டு போவாள், பெரியவர்கள் பேச வேண்டியதைப் பேசுவோம். பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தற்செயல். வீட்டுக்கு வரவழைத்துப் பஜ்ஜி சொஜ்ஜி கொடுத்தால், பிடிக்காமல் போனால் மாடிப்படி முழுக்கத் தெரிந்துவிடும். பொருட்காட்சியில் பிடிக்காமல் போனால் பொருட்காட்சி பார்த்துவிட்டு வந்தோம், அவ்வளவுதான். இதை யார் கண்டுபிடித்தார்களோ, மானம் போகாமல் வேண்டாம் என்று சொல்ல நல்ல வழி.

மணி நாலு பதினாறு. சொட்டு ஒன்று கழுத்தில் இறங்கிவிட்டது, பழைய துண்டில் வாங்கிக்கொண்டேன். நெற்றியிலும் காது மடலிலும் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு டை போட வேண்டும், அப்போதுதான் தோலில் பிடிக்காது, அதை மறந்துவிட்டேன். ஆறு வருஷத்தில் மறந்துபோகும்தான். கைக்கண்ணாடியில் பார்த்தேன், இடது நெற்றி ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு. கடைக்கு வருகிறவர்களில் இந்த அடையாளத்தோடு வருகிறவர்களை எனக்குத் தெரியும், கண்ணைப் பார்க்கிற சாக்கில் எல்லோருடைய நெற்றியையும் பார்க்கிறவள் நான். பன்னிரண்டு வருஷமாக மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. எழுத்துப் பலகைக்கு எதிரே உட்காரவைத்து, தெரியுதா, இது தெரியுதா என்று கேட்பேன். சிலர் தெரியாததைத் தெரிகிறது என்பார்கள். முன்னால் வந்தவர் வாசித்ததைக் காதில் வாங்கி மனப்பாடமாக ஒப்பிப்பார்கள். கண் நன்றாக இருக்கிறது என்று என்னிடம் நிரூபித்து அவர்களுக்கு என்ன கிடைக்கப் போகிறது? இருந்தாலும் பரீட்சை என்று வந்துவிட்டால் மனுஷனுக்குத் தேற வேண்டும். நாளைக்கு நானும் அப்படித்தான் நிற்பேன். வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு, கோபமே வராதவள் மாதிரி.

தயாளன் போட்டோ போனில் இருக்கிறது. கையில் டை ஒட்டியிருப்பதால் போனை எடுக்கவில்லை, எடுக்கத் தேவையும் இல்லை, மனதில் இருக்கிறது. செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் உதவியாளர், நாற்பத்தைந்து வயது, மனைவி போய் மூன்று வருஷம், குழந்தை இல்லை. போட்டோவில் ஏதோ கல்யாண மண்டப வாசலில் நிற்கிறார். அண்ணி, முகம் எப்படிடி என்று கேட்டாள். நான் முகத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்தேன். பெரிதாக்கிப் பார்த்தால் கண்ணாடிக்குள் கன்னத்தின் ஓரம் உள்ளே தள்ளித் தெரிகிறது, பவர் மைனஸ் நாலாவது இருக்கும். ஃபிரேம் பத்து வருஷத்துப் பழசு. அதில்லை விஷயம். கண்ணாடி ஒரு பக்கம் தூக்கி நிற்கிறது. ஸ்குரூ லூசாகி ரொம்ப நாளாகியிருக்கும். இரண்டு நிமிட வேலை, எந்தக் கடையிலும் சும்மாவே முடுக்கித் தருவார்கள், ஆனால் வீட்டில் ஒருவர் பார்த்து, என்னங்க ஒரு பக்கம் தூக்கிக்கிட்டு நிக்குது என்று சொன்னால்தானே ஆண்பிள்ளைக்குத் தெரியும்? சொல்ல ஆளில்லை. அதைப் பார்த்ததும் எனக்கு அந்த ஸ்குரூவை முடுக்கிவிட வேண்டும் போலிருந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, முப்பத்தொன்பது வயதில் இதற்கு ஆசை என்றுதான் பெயர் வைக்க வேண்டும். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். அண்ணியிடம் பார்க்கலாம் அண்ணி, பார்க்கலாம் அண்ணி என்று இழுத்தேன், அது பொய். ராத்திரி சாப்பிட்டதும் மோனிஷா புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுகிறாள், நான் டிவியைப் பார்த்து, ஏய் அவன் பொய் சொல்றான் நம்பாதே என்று சத்தமாகப் பேசுகிறேன். எவ்வளவு நாள் டிவியோடு பேசுவது?

அவள் அப்பாவோடும் அதே தீவுத்திடலுக்குப் போயிருக்கிறேன். மோனிஷாவுக்கு ஆறு வயது. குமரேசன் வீட்டில் குரல் இறக்கிப் பேசியதில்லை, சாம்பாரில் உப்பு குறைந்தால் கீழ்வீட்டுக்காரர் வந்து உப்பு கொடுப்பார், அவ்வளவு சத்தம். ராட்டினத்தில் ஏறினோம். மேலே போய் நின்றது, கீழே ஆள் ஏற்றுகிறார்கள். பார்த்தால் மனுஷர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "சுகந்தி, இறங்கிட்டமா? இறங்கிட்டமா?" என்கிறார். மோனிஷா, "அப்பா, இன்னும் மேலதான்பா இருக்கோம்" என்று அவர் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள். அந்த மூன்று நிமிடம் எனக்கு அவரை ரொம்பப் பிடித்திருந்தது. இரண்டு வருஷம் கழித்து மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டார். அழுதேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வீடு அமைதியானதும், இந்த அமைதி பழகிவிடும் என்று பதினாறாம் நாளே தெரிந்துவிட்டது, அதற்காகவும் கொஞ்சம் அழுதேன். மோனிஷாவுக்கு ராட்டினம் ஞாபகம் இருக்கிறதா? கேட்டதில்லை. நாளைக்கு அதே ராட்டினத்தில் அவளை ஏற்றிவிட்டு, கீழே நான் வேறு ஒருவரோடு நின்று அப்பளம் தின்னப் போகிறேன். மேலிருந்து பார்த்தால் தெரியுமா? தெரியாது, கூட்டம். வர்ஷாவிடம் சொல்லி வேறு பக்கம் அழைத்துப்போகச் சொல்லலாம். குட்டி ரயில் இருக்கும். பதினாலு வயதுப் பெண் குட்டி ரயிலில் ஏறுவாளா?

நாலு இருபத்தேழு. உச்சியில் அரிப்பு. சீப்பின் நுனியால் மெல்லக் குத்திக்கொண்டேன். இந்தத் தற்செயலுக்கு நான் புதிது இல்லை, அதுதான் இரண்டு நாளாக மனதில் கிடந்து உறுத்துகிறது. அப்போது எனக்கு இருபத்திரண்டு. வெள்ளிக்கிழமை மாங்காடு கோயிலுக்குப் போகலாம் என்று அம்மா சொன்னாள், அண்ணிக்கு அப்போதுதான் கல்யாணமாகி ஆறு மாதம், மூன்று பேரும் போனோம். சாமி கும்பிட்டோம். பிரசாதமாகச் சர்க்கரைப் பொங்கல் தொன்னையில் கொடுத்தார்கள், சூடு, நெய் வழிகிறது, நல்ல பசி எனக்கு. தூண் ஓரமாக நின்று சாப்பிட்டேன், முந்திரியை முதலில் பொறுக்கித் தின்றேன், கடைசியில் விரலை ஒவ்வொன்றாக நக்கினேன், கட்டை விரலைக் கூட விடவில்லை. அவ்வளவுதான் அந்த வெள்ளிக்கிழமை. குமரேசனோடு கல்யாணம் முடிந்து பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அண்ணி காதோரம் வந்து, "இப்பவாவது விரலை நக்காம சாப்பிடு" என்று சிரித்தாள். என்ன அண்ணி என்றேன். அப்போதுதான் சொன்னாள், அந்த வெள்ளிக்கிழமை எதிர்த் தூண் பக்கம் ஒரு குடும்பம் நின்றது, என்னைப் பார்க்கத்தான் வந்தார்கள், பொண்ணு லட்சணமா இருக்கா, ஆனா கொஞ்சம் பறக்காவெட்டி மாதிரி இருக்கா என்று சொல்லியனுப்பிவிட்டார்கள் என்று. அண்ணி வேடிக்கையாகத்தான் சொன்னாள். நானும் சிரித்தேன். அன்றைக்குப் பாயசத்தை ஸ்பூன் கேட்டு வாங்கிக் குடித்தேன். பதினேழு வருஷமாக வெளியில் எங்கே சாப்பிட்டாலும் எதிர்த் தூண் பக்கம் ஒரு பார்வை போய்விட்டுத்தான் திரும்புகிறது. வேண்டாம் என்று சொன்னார்களே, அதற்காக இல்லை. யாரோ வேண்டாம் என்று சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும். பார்க்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, நான் பாட்டுக்குச் சந்தோஷமாக இருந்தேன், அந்தச் சந்தோஷத்துக்கு மார்க் போட்டுவிட்டுப் போனார்கள். அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

நாளைக்கு அப்படி இல்லை. நாளைக்கு எனக்குத் தெரியும். பச்சை நிறச் சில்க் காட்டன் எடுத்து வைத்திருக்கிறேன், அப்பளத்தை உடைத்து உடைத்துத் துண்டாகச் சாப்பிடுவேன், கைக்குட்டை இருக்கிறது. தயாளனுக்கும் தெரியும். இரண்டு பேருக்கும் தெரிந்து பார்த்துக்கொள்வதில் என்ன தப்பு? ஒன்றுமில்லை. மோனிஷாவுக்கு மட்டும்தான் தெரியாது, அவளுக்கு எதற்கு இப்போது, முடிவானால் சொல்லிக்கொள்ளலாம், முடிவாகாவிட்டால் குழந்தை மனதை எதற்குக் கலைப்பது. போன வருஷம் திருவள்ளூரிலிருந்து ஒரு இடம் வந்தது, பெண்ணை ஹாஸ்டலில் விடுவீர்களா என்று கேட்டார்கள், போனை வைத்துவிட்டேன். இவர்கள் அப்படி இல்லை. கஸ்தூரி நல்லபடியாகத்தான் பேசினாள் என்று அண்ணி சொன்னாள். அவள் அம்மாதான், "பொண்ணையும் கூட்டிட்டு வரச் சொல்லு, பாத்துட்டுச் சொல்றோம்" என்றார்களாம். எந்தப் பொண்ணை என்று நான் கேட்கவில்லை. என்னைத்தான் பொண்ணு என்று சொல்லியிருப்பார்கள், பொண்ணு பார்ப்பது என்றால் அப்படித்தானே சொல்வார்கள். ஆனால் ‘பொண்ணையும்’ என்று சொன்னதாகத்தான் ஞாபகம். சரி, ஒரு பேச்சுக்குச் சொல்லியிருப்பார்கள். அண்ணி பிறகு, "மோனியை நல்லதா ஒரு சுடிதார் போட்டுக் கூட்டிட்டு வா, அந்தத் தொளதொள பேண்ட் வேணாம்" என்றாள். அண்ணி எப்போதுமே அப்படிச் சொல்கிறவள்தான். நாலு முப்பத்தைந்து. இன்னும் பதின்மூன்று நிமிடம்.

கதவு தட்டுகிற சத்தம். தபாலாக இருக்கும். தபால் சனிக்கிழமை நாலரைக்கு வருமா? மறுபடி தட்டுகிறார்கள். "அம்மா, நான்தான். சாருக்கு உடம்பு சரியில்ல, சீக்கிரமா விட்டுட்டாரு." துண்டைத் தலையில் சுற்றலாமா, சுற்றினால் டை பிசகும், பாத்ரூமுக்குள் ஓடி அங்கிருந்து இரு வரேன் என்று கத்தலாமா, பாத்ரூமில் இருப்பவள் எப்படிக் கதவைத் திறப்பாள்? தாழ்ப்பாளை எடுத்தேன்.

மோனிஷா என் தலையைப் பார்த்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். நான் கேள்விக்குக் காத்துக்கொண்டு நின்றேன், பதில் கூடத் தயார், கடையில் எல்லோரும் போடச் சொன்னார்கள் என்று. அவள் கேட்கவில்லை. பையை நாற்காலியில் மாட்டிவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, என்னைப் பார்க்காமல் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, நாளைக்கு அங்க நான் அப்பளம் சாப்பிடலாமா? இல்ல, அவங்க என்னைப் பாத்துட்டுப் போனப்புறம் சாப்பிடட்டுமா?"

எனக்குச் சட்டென்று புரியவில்லை. யாரு என்று கேட்டேன்.

"வர்ஷா சொன்னா. பொண்ணு நல்ல மாதிரியா இருந்தா சரின்னு அந்தப் பாட்டி சொன்னாங்களாம். அதான் அத்தை என்னைச் சுடிதார் போடச் சொன்னாங்களாம். அப்பளம் பெரிசா இருக்குமா, கடிச்சா மூஞ்செல்லாம் ஒட்டும். அசிங்கமா இருந்தா உனக்குத்தானே கஷ்டம்." மூடியைத் திருகி முடித்துவிட்டு மறுபடி கழற்றினாள். "நீ ஒண்ணும் பயப்படாதம்மா. நான் ஒழுங்கா இருப்பேன்."

நான் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. இரண்டு நாளாக உட்கார்ந்து போட்ட திட்டம், ரயில் எத்தனை மணி, எந்த வாசல், எந்தக் கடை, எல்லாம் போட்டு, கடைசியில் என் பெண்ணைக் கொண்டுபோய் அந்தத் தூண் ஓரத்தில் நிறுத்த இருந்தேன். என்னைவிட மோசமாக. என் அம்மாவுக்காவது அது எப்படி இருக்கும் என்று தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்தவள்தான் செய்ய இருந்தேன்.

டை ஒட்டிய விரலாலேயே போனை எடுத்தேன். ஸ்கிரீனில் கறுப்பாக ஒரு ரேகை விழுந்தது. அண்ணி உடனே எடுத்துவிட்டாள்.

"அண்ணி, கஸ்தூரிகிட்டச் சொல்லிடுங்க. அடடேல்லாம் வேணாம். நாங்க வர்றது தெரியும், அவங்க வர்றது தெரியும், நேரா வணக்கம் சொல்லிப் பேசலாம். மோனிக்கும் எல்லாம் தெரியும். அவளும் அவரைப் பாப்பா. அவளுக்குப் பிடிக்கலைன்னாலும் வேணாம்."

"என்னடி இது, கடைசி நேரத்துல? அந்தம்மா ஒரு மாதிரி. கோச்சிக்கிட்டு வரமாட்டாங்க."

"வரலைன்னா நாங்க பொருட்காட்சி பாத்துட்டு வர்றோம் அண்ணி."

"சுகந்தி, நல்ல இடம்டி."

"தெரியும் அண்ணி." அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தது. நல்ல இடம்தான். தூக்கி நிற்கிற கண்ணாடி நினைவுக்கு வந்தது. அதை யாராவது முடுக்கிவிடுவார்கள், எங்கேயாவது ஒரு கடையில். போனை வைத்துவிட்டேன். வேண்டியதாகத்தான் இருந்தது, இப்போதும் வேண்டும், அது மாறவில்லை.

நாலு ஐம்பத்தாறு. எட்டு நிமிடம் அதிகமாகிவிட்டது. பாத்ரூமில் குனிந்து உட்கார்ந்தேன். மோனிஷா மக்கில் மொண்டு மொண்டு ஊற்றினாள், கறுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, கண்ணை மூடிக்கொண்டேன். "நெத்தியில புடிச்சிருக்கும்மா" என்று கட்டை விரலால் தேய்த்தாள், சோப்புப் போட்டுத் தேய்த்தாள், போகவில்லை. நாளைக்கு எல்லோருக்கும் தெரியுமே என்றாள். தெரியட்டும் என்றேன். வெளியில் போன் அடித்தது. அத்தையாகத்தான் இருக்கும், எடுக்கவா என்றாள். வேண்டாம், முதலில் தலையை அலசி முடி, கண்ணில் சோப்பு போகிறது என்றேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. இன்னும் இரண்டு மக் ஊற்றினாள்.

"அப்ப அப்பளம்?"

"போனதும் முதல்ல அதுதான். ஆளுக்கு ஒண்ணு."

"மேல மிளகாய்த்தூள் தூவித் தருவாங்கம்மா. விரலெல்லாம் ஒட்டும்."

"ஒட்டினா நக்கிக்கோ" என்றேன்.